புது சர்வர், பழைய நிரல்: மாற்றிய பிறகு ஏன் எல்லாம் மெதுவாகிறது?

துவாஸில் ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டாக ஓடிய கணினி முறையை வார இறுதியில் நிறுத்திவிட்டார்கள். எல்லாம் புதிய சர்வருக்கு மாறிவிட்டது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் திரை பளபளவென்று இருக்கிறது. கணக்கும் சரியாக இருக்கிறது. ஒரு காசு குறையவில்லை.

ஆனால் முதல் நாள் இரவு 11 மணிக்குத் தொடங்கிய விநியோகப் பட்டியல், அதிகாலை 5 மணி ஆகியும் முடியவில்லை. லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பழைய இயந்திரத்தில் அதே வேலை, ஒரு காப்பி போட்டுக் குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

"புதுசுதானே வேகமா இருக்கணும்? இது என்ன தலைகீழா இருக்கு?"

கிடங்கு கற்பனைதான். ஆனால் இந்தக் கேள்வி கற்பனை இல்லை. பழைய வணிக நிரல்களைப் புதிய இடத்துக்கு மாற்றும் நிறுவனங்கள் பலமுறை கேட்ட கேள்வி இது. பதில் கொஞ்சம் வியப்பானது. பெரும்பாலான நேரங்களில் நிரலில் பிழை இருக்காது. புதிய கணினியிலும் கோளாறு இருக்காது. இரண்டும் தனித்தனியாக நல்லவைதான். சேர்ந்தால்தான் சிக்கல்.

அந்தப் பழைய கணினி எது?

வங்கிகளின் ராட்சத மெயின்ஃபிரேம் ஒரு பக்கம். நம் மேசைக் கணினி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தரக் கணினி. அதில் மிகவும் பெயர் பெற்றது ஐபிஎம் நிறுவனத்தின் ஏஎஸ்/400. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டரில் உருவானது. 1988 ஜூன் 21ஆம் தேதி அறிமுகமானது.

கிடங்கு, தொழிற்சாலை, காப்புறுதி நிறுவனம், மொத்த வியாபாரம். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு மூலையில் கறுப்புப் பெட்டி ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பச்சை எழுத்துத் திரை. பெயர் பலமுறை மாறிவிட்டது. ஐசீரிஸ் என்றார்கள், சிஸ்டம் ஐ என்றார்கள், 2008லிருந்து பவர் சர்வர்களில் ஓடும் ஐபிஎம் ஐ என்கிறார்கள். வேலை செய்பவர்கள் இன்னமும் "ஏஎஸ்/400" என்றுதான் சொல்வார்கள். அது செத்துப்போன தொழில்நுட்பமும் இல்லை. 2025இல்கூட அதற்குப் புதிய பதிப்பு, 7.6, வெளியானது.

அதில் ஓடும் நிரல்கள் பெரும்பாலும் ஆர்பிஜி மொழியில் எழுதப்பட்டவை. கொஞ்சம் கோபோல் மொழியிலும் இருக்கும். (நம்ம ஊர் கோபால் இல்லை.) ஆர்பிஜி 1959இல் பிறந்தது. அப்போது தகவல்கள் துளையிட்ட அட்டைகளில் இருந்தன. இயந்திரம் ஓர் அட்டையை இழுக்கும், படிக்கும், கணக்குப் போடும், அச்சிடும், அடுத்த அட்டையை இழுக்கும். ஆர்பிஜி அந்தச் சுழற்சியை அப்படியே நிரலாக்கிக்கொண்டது. அட்டைகள் போய்விட்டன. 'ஒரு நேரத்தில் ஒன்று' என்ற பழக்கம் போகவில்லை.

இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பாதி அதுதான்.

அஞ்சறைப் பெட்டி எங்கே இருக்கு?

அம்மா சமைக்கும்போது கவனித்திருப்பீர்கள். கடுகு வேண்டுமா, கை அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். சீரகம் வேண்டுமா, மறுபடியும் போகும். மஞ்சள், மறுபடியும். எத்தனை முறை கை போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது அதே அம்மா பொங்கோலில் சமைக்கிறார், அஞ்சறைப் பெட்டி தேக்கா சந்தையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுகுக்கு ஒரு ரயில் பயணம். சீரகத்துக்கு இன்னொரு பயணம். அடுப்பு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் சாம்பார் ராத்திரிக்குத்தான் ரெடியாகும்.

ஏஎஸ்/400இல் தரவுத்தளம் தனி மென்பொருள் அல்ல. இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே அதைக் கட்டியிருந்தார்கள். நினைவகமும் வட்டும் ஒரே பெரிய வெளிபோல நிரலுக்குத் தெரியும். அதனால் ஆர்பிஜி நிரல் 'இந்த வாடிக்கையாளரின் பதிவைக் கொடு' என்று கேட்டால், பதில் அதே பெட்டிக்குள்ளிருந்து வந்துவிடும்.

புதிய அமைப்பில் நிரல் ஒரு சர்வரில், தரவுத்தளம் இன்னொரு சர்வரில். ஒவ்வொரு கேள்வியும் நெட்வொர்க் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100,000 விலைப்பட்டியல்கள். ஒவ்வொன்றுக்கும் 50 முறை தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும். பொருள், விலை, தள்ளுபடி, வரி, கையிருப்பு என்று போகும். மொத்தம் 5 மில்லியன் கேள்விகள்.

ஒரு கேள்விக்கு 20 மைக்ரோ விநாடி ஆனால், மொத்தம் 100 விநாடி. இரண்டு நிமிடம்கூட இல்லை.

அதே கேள்வி நெட்வொர்க் வழியாகப் போய்வர 1 மில்லி விநாடி ஆனால், 5,000 விநாடி. கிட்டத்தட்ட 1 மணி 23 நிமிடம்.

தரவுத்தளம் தூரத்தில் வேறொரு தரவு நிலையத்தில் இருந்து, போய்வர 5 மில்லி விநாடி ஆனால்? 25,000 விநாடி. ஏறக்குறைய 7 மணி நேரம். இரவு 11க்குத் தொடங்கினால் காலை 6 மணி நெருங்கிவிடும். துவாஸ் லாரிகள் ஏன் நின்றன என்று இப்போது புரியும்.

5 மில்லி விநாடி என்பது மனிதக் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் இது மாட்டாமல் தப்பிக்கிறது. ஒரு விலைப்பட்டியலைத் திறந்து பார்த்தால் கால் விநாடியில் வந்துவிடும். "சூப்பரா இருக்கு" என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

"பெரிய சர்வர் வாங்கினா சரியாயிடுமா?"

வேகம் குறைந்தால் முதலில் வரும் யோசனை இதுதான். காசும் முதலில் இங்கேதான் போகும். ஆனால் தேக்காவுக்கு ரயிலில் போய்வரும் அம்மாவுக்கு இன்னும் சக்திவாய்ந்த அடுப்பு வாங்கிக்கொடுத்து என்ன பயன்?

இப்படி மாட்டிக்கொண்ட சர்வரின் செயலியைப் பார்த்தால், பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். அது கணக்குப் போடவில்லை, காத்திருக்கிறது. மேலாளருக்குக் காட்டும் வரைபடத்தில் எல்லாம் பச்சையாக இருக்கும். வேலை மட்டும் நடக்காது.

சரியான வழி, ஒரே பயணத்தில் எல்லாச் சாமானையும் வாங்கி வருவது. 50 கேள்விகளை ஒரே எஸ்கியூஎல் கட்டளையாகச் சேர்க்கலாம். அடிக்கடி தேவைப்படும் சின்னப் பட்டியல்களை நிரலின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அல்லது கணக்குப் போடும் பகுதியையே தரவுத்தளத்துக்குள் அனுப்பிவிடலாம். கேட்க எளிது. ஆனால் இதற்கு நிரலைத் திறந்து, அதன் தர்க்கத்தைப் புரிந்துகொண்டு, திருப்பி எழுத வேண்டும். 'வரிக்கு வரி தானாக மாற்றித் தருகிறோம்' என்று விற்கப்படும் கருவி அதைச் செய்வதில்லை. அது ஆர்பிஜியின் அட்டைப் பழக்கத்தை அப்படியே ஜாவாவில் எழுதித் தரும். இப்படிப் பிறக்கும் நிரலுக்குத் துறையில் ஒரு கிண்டல் பெயரே உண்டு: 'ஜோபோல்'. உடை ஜாவா, உள்ளே கோபோல்.

காணாமல்போன இண்டெக்ஸ்

இன்னொரு காரணம் இன்னும் சாதாரணமானது. பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு தெரியுமல்லவா? எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று சொல்லும். தரவுத்தளத்தில் அதற்குப் பெயர் இண்டெக்ஸ். அது இல்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதுதான்.

ஏஎஸ்/400இல் 'லாஜிகல் ஃபைல்' என்று ஒன்று உண்டு. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும். தரவை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் காட்டும், வேகமாகத் தேடவும் உதவும். மாற்றும்போது முதல் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், பதில் சரியாக வரும், மெதுவாக வரும். சோதனையில் 500 பதிவுகள்தான் இருந்தன என்றால் முழுவதையும் புரட்டினாலும் கண்சிமிட்டும் நேரம்தான். உண்மையான தரவு 8 மில்லியன் பதிவுகள் என்றால்?

எழுத்து வரிசையும் கழுத்தை அறுக்கும். ஐபிஎம்மின் பழைய குறிமுறையான எப்சிடிக்கில் எழுத்துகள் முதலில், எண்கள் பிறகு. இன்றைய கணினிகளில் எண்கள் முதலில். 'A100' என்ற பொருளும் '7B20' என்ற பொருளும் பட்டியலில் இடம் மாறிவிடும். கிடங்குக்காரர் "பழைய வரிசையே வேணும்" என்பார். நிரலாளர் ஒவ்வொரு தேடலிலும் குறியீட்டை மாற்றி ஒப்பிடும்படி எழுதுவார். வரிசை சரியாகிவிடும். ஆனால் தரவுத்தளத்தால் இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியாமல் போய்விடும். ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்று கெட்டது என்று யாருக்கும் அன்றே தெரியாது.

ஐபிஎம்முக்கே நடந்தது

இதெல்லாம் ஏஎஸ்/400ஐ விட்டுப் போகும்போது வரும் வினை என்று நினைக்க வேண்டாம். ஏஎஸ்/400க்கு வந்தபோதும் இதே கதைதான்.

அதற்கு முந்தைய சிஸ்டம்/36 கணினி 1983இல் வந்தது. அதில் ஒரு நிரல் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படமே அதைவிடப் பெரிசு. அதனால் நிரலாளர்கள் ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்தார்கள். ஒன்று கோப்பைத் திறக்கும், கொஞ்சம் வேலை செய்யும், மூடும். அடுத்தது வந்து மறுபடி திறக்கும். சிஸ்டம்/36இல் திறப்பதும் மூடுவதும் மலிவான வேலை.

ஏஎஸ்/400 வந்தபோது, அந்த நிரல்கள் ஓட 'சிஸ்டம்/36 சூழல்' என்ற தனி வசதியை ஐபிஎம் கொடுத்தது. நிரல்கள் ஓடின. ஆனால் புதிய இயந்திரத்தில் ஒரு கோப்பைத் திறப்பதும், ஒரு வேலையைத் தொடங்குவதும் பெரிய சடங்கு. அனுமதி சரிபார்க்க வேண்டும், பல விஷயங்களைத் தயார் செய்ய வேண்டும். ஒருமுறை திறந்து நாள் முழுக்க வேலை செய்யும் நிரலுக்கு அது பிரச்சினையே இல்லை. நிமிடத்துக்கு நூறு முறை திறந்து மூடும் நிரலுக்கு அது நரகம். புதிய கணினி பழையதைவிட மெதுவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள். 1994இல் ஐபிஎம் 'அட்வான்ஸ்டு 36' என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புது வன்பொருள், உள்ளே சிஸ்டம்/36இன் பழைய இயங்குதளம்! உருவாக்கிய நிறுவனமே ஆறு ஆண்டு கழித்து வழிக்கு வந்தது என்று சொல்லலாம்.

1990களின் பிற்பாதியில் இன்னொரு கூத்து. சில ஏஎஸ்/400 சர்வர்களில் பச்சைத் திரை வேலைக்கான திறனைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிய அளவைத் தாண்டினால் சிஎஃப்இண்ட் என்ற ஓர் உள்வேலை செயலியின் நேரத்தை விழுங்கத் தொடங்கும். கணினி திணறும். கோளாறு என்று நினைத்துத் தேடியவர்கள் உண்டு. கோளாறு இல்லை, அது விற்பனைத் திட்டம். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை.

விரல்களின் வேகம்

கணினியின் வேகத்தை அளப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மனிதரின் வேகம்.

20 ஆண்டு பச்சைத் திரையில் வேலை பார்த்த ஓர் அக்கா திரையைப் பார்க்கவே மாட்டார். எண், டேப், எண், என்டர், எஃப்12. அடுத்த திரை வருவதற்கு முன்பே விரல் அதற்கான எண்ணைத் தட்டி முடித்திருக்கும். புதிய இணையப் பக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அவர் இப்போது மவுஸைத் தேட வேண்டும், பட்டியலைத் திறக்க வேண்டும், வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். சர்வர் அளவுகோலில் எல்லாம் 'நலம்'. முகப்பில் மட்டும் வரிசை நீண்டுகொண்டே போகும்.

'வயசானவங்களுக்குப் புது டெக்னாலஜி வராது' என்று சொல்லி இதை மூடிவிடுவது சுலபம். பல இடங்களில் அது நியாயமான பேச்சு இல்லை. அவர் கையில் இருந்த வேகத்தைப் பறித்தது வடிவமைப்பு.

5.2 மில்லியன் பேர் மாட்டிக்கொண்ட வார இறுதி

இந்தப் பிரச்சினை பெரிய அளவில் வெடித்தால் எப்படி இருக்கும்? 2018 ஏப்ரலில் பிரிட்டன் பார்த்தது.

டிஎஸ்பி வங்கி முன்பு லாய்ட்ஸ் குழுமத்தில் இருந்தது. ஸ்பெயினின் சபாடெல் வங்கி 2015இல் அதை வாங்கியது. அதுவரை லாய்ட்ஸ் வங்கியின் கணினி முறையை வாடகைக்கு எடுத்ததுபோல டிஎஸ்பி பயன்படுத்திவந்தது. சபாடெல் தன் சொந்தத் தளத்துக்கு எல்லாரையும் மாற்ற முடிவு செய்தது. அவர்கள் விட்டு வந்தது ஏஎஸ்/400 அல்ல, அதைவிடப் பெரிய மெயின்ஃபிரேம் உலகம். நோய் மட்டும் அதே குடும்பம்.

5.2 மில்லியன் வாடிக்கையாளர்களின் தரவு அந்த வார இறுதியில் மாற்றப்பட்டது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். கணக்கு விவரங்களை மாற்றும் பகுதி வெற்றி. ஆனால் திறந்தவுடன் புதிய தளம் திணறியது. இணைய வங்கி, செயலி, தொலைபேசி, கிளைகள் எல்லாவற்றிலும் சிக்கல். மக்கள் தங்கள் பணத்தைத் தாங்களே பார்க்க முடியாமல் தவித்தார்கள். முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

வங்கி கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு சட்ட நிறுவனம் விசாரித்து 2019 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு தகவல் நெருடியது. இரண்டு தரவு நிலையங்கள் சேர்ந்து இயங்கவேண்டிய அமைப்பு அது. பாரம் தாங்குமா என்ற சோதனையை ஒரு நிலையத்தில் மட்டுமே செய்திருந்தார்கள். இரண்டின் அமைப்பும் ஒரே மாதிரி இருக்கவில்லை.

விலை என்ன? 225,000க்கும் மேற்பட்ட புகார்கள். 330 மில்லியன் பவுண்ட் செலவு. சுமார் 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிக்குப் போனார்கள். தலைமை நிர்வாகி செப்டம்பரில் பதவி விலகினார். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 48.65 மில்லியன் பவுண்ட் அபராதம் விதித்தன. அடுத்த ஆண்டு, வங்கியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் மீதும் தனிப்பட்ட முறையில் அபராதம் விழுந்தது. 'சாஃப்ட்வேர் பிரச்சினை, நாங்க என்ன பண்றது' என்ற பதிலை அங்கே ஏற்கவில்லை.

நமக்கு என்ன?

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, நிதி நிறுவனங்களின் முக்கியக் கணினி முறைகள் எந்த 12 மாதக் காலத்திலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது. பெரிய கோளாறு தெரிந்தவுடன் ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். 2023இல் அடுத்தடுத்து ஏற்பட்ட தடங்கல்களுக்குப் பிறகு, டிபிஎஸ் வங்கி அவசியமில்லாத கணினி மாற்றங்களை 6 மாதம் நிறுத்திவைக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. அந்தத் தடங்கல்கள் இந்தக் கட்டுரையில் சொல்லும் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் 'மாற்றம்' என்பதையே ஓர் அபாயமாகப் பார்க்கும் பார்வை அதில் தெரிகிறது.

வங்கியைக் கண்காணிக்க ஆணையம் இருக்கிறது. துவாஸ் கிடங்கைக் கண்காணிக்க யார் இருக்கிறார்கள்? அங்கே லாரி நின்றால், ஓட்டுநரின் கூடுதல் நேரமும் கடைக்காரரின் காலி அலமாரியும்தான் அபராதம்.

அப்போ மாத்தவே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆர்பிஜி தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். நிரல் ஏன் இப்படி எழுதப்பட்டது என்ற காரணம் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆர்பிஜி நிரலைப் படித்து விளக்கும் ஏஐ கருவியை உருவாக்குவதாக ஐபிஎம் 2024இல் அறிவித்ததே இந்தக் கவலையால்தான். அது உதவும். ஆனால் நிரல் என்ன செய்கிறது என்று விளக்குவது வேறு, அது மாத இறுதியில் 5 மில்லியன் முறை எதைக் கேட்கிறது என்று ஓட்டிப் பார்ப்பது வேறு.

எனக்குக் கேட்டால், பல நிறுவனங்கள் செய்யும் தப்பு மாற்றுவது இல்லை. 'சரியான பதில் வருகிறதா' என்று மட்டும் சோதித்துவிட்டுத் திறப்பதுதான். பழைய கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நேரம் ஆகிறது என்பதை, அது உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நிறுத்திய பிறகு "முன்னாடி வேகமா இருந்துச்சு" என்ற புலம்பல்தான் மிஞ்சும். எண் மிஞ்சாது. சென்ற ஆண்டின் மிக மோசமான இரவு, பண்டிகைக்கு முந்தைய நாளோ ஆண்டு இறுதியோ, அந்த இரவின் முழுத் தரவையும் புதிய முறையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 500 பதிவுகளில் அல்ல, முழுதாக. பச்சைத் திரை அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மணி நேரத்தில் அவர் எத்தனை ஆர்டர் தட்டுகிறார் என்று எண்ண வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருப்பீர்கள். வேலைக்குச் சேரும் முதல் ஆண்டிலேயே இப்படி ஒரு மாற்றத் திட்டத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. கூட்டத்தில் எல்லாரும் திரையின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கையைத் தூக்கி, "ஒரு விலைப்பட்டியலுக்கு எத்தனை முறை தரவுத்தளத்துக்குப் போறோம்?" என்று கேட்டுப் பாருங்கள். யாரிடமும் பதில் இல்லையென்றால், திறப்பு நாளைத் தள்ளிப்போடச் சொல்லலாம்.